விழுந்தால் விழட்டும்!

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதப் பல மொழிகள் உண்டு. அவற்றில் விசித்திரமானது "எர்லாங்".

1986-ம் ஆண்டு, சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியில் ஜோ ஆர்ம்ஸ்டிராங்கும் அவரது கூட்டாளிகளும் இதை உருவாக்கத் தொடங்கினார்கள்.

டெலிபோன் நிலையம் நிற்கக்கூடாது. ஆனால், மனிதன் எழுதும் கட்டளையில் தவறு வராமல் இருக்குமா?

வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்!

எப்படி?

பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்தார்கள். ஒன்று தவறினால், அது மட்டும் விழும். அதைக் கண்காணிக்கும் இன்னொன்று, உடனே அதைப் புதிதாகத் தொடங்கும். மற்றவர்கள் பேச்சு அறுபடாது!

பிற்காலத்தில் "வாட்ஸ்அப்" நிலையமும் இந்த மொழியில்தான் கட்டப்பட்டது.

வேறு மொழியில் எழுதும் என்ஜினீயர்களுக்கும் இது ஒரு பாடம்.

தவறே வராது என்று நம்பாதே. வந்தால் பரவாதபடி முன்பே வழி செய்!