பாக்ஸ்வுட்: அடர்த்தியின் அழகும் இடரும்

பிரான்சின் தென்மேற்கே, தோர்தோன் ஆற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறைமுகட்டின்மேல் மார்க்கேசாக் தோட்டம் விரிந்து கிடக்கிறது. அங்கே நிற்பவை ஏறத்தாழ 1,50,000 பாக்ஸ்வுட் செடிகள். ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, சரிவெங்கும் எழுந்தும் தாழ்ந்தும் நிற்கின்றன. 1861-இல் இந்நிலத்துக்கு உரியவரான ழூலியன் தெ செர்வால் இத்தாலியத் தோட்டக்கலையில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்; செடிகளை ஆயிரமாயிரமாக நட்டு வளர்த்தவர் அவரே. பின்னாளில் நெடுங்காலம் பேணுவாரின்றிப் புதர்மண்டிப்போன தோட்டம், 1996-இல் தொடங்கிய சீரமைப்புக்குப் பிறகே பழைய வடிவத்துக்கு மீண்டது. அங்கே கத்தரிப்பு இன்றும் கையால்தான் நடக்கிறது. காண வருவோர் அவ்வுருவங்களைக் கத்தரியின் கைவண்ணம் என்று வியக்கிறார்கள். கத்தரி செய்வது பாதி வேலைதான். மீதியைச் செடி தன் உள்ளியக்கத்தால் செய்து முடிக்கிறது. அந்த இயக்கம் புரியாமல் வெட்டுபவர் சில ஆண்டுகளில் செடியையே இழந்துவிடக்கூடும்.

பக்ஸஸ் செம்பர்வைரன்ஸ் என்று தாவரவியல் அழைக்கும் இச்செடி ஐரோப்பாவின் மேற்கிலும் தெற்கிலும், வடமேற்கு ஆப்பிரிக்காவிலும், மேற்காசியாவிலும் தானே முளைத்து வளர்வது. தொடாமல் விட்டால் சிறுமரமாகும். இலை 1.5 முதல் 3 செ.மீ. நீளம், தடித்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கும், கணுதோறும் இரண்டிரண்டாக எதிரெதிரே அமையும். ஆண்டுக்கு 10 முதல் 15 செ.மீ. வளர்ந்தாலே அதற்குப் பெரிது. ‘சஃப்ருட்டிகோசா’ என்னும் குட்டை வகை அதனினும் மெதுவாக வளரும். இந்த மந்த வளர்ச்சியால் கட்டை மிக இறுகிப்போகிறது. பச்சைக் கட்டையை நீரிலிட்டால் மூழ்கிவிடும். நியூகாசில் நகரின் தாமஸ் பெவிக் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளின் இறகிழையைக்கூட அச்சில் கொண்டுவந்தது, இக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கியதால்தான். இலைகளில் நச்சுக்காரங்கள் உண்டு, ஆடுமாடுகள் மேய்வதில்லை. வெயில் ஏறும் நேரத்தில் இலையிலிருந்து எழும் மணத்தைச் சிலர் விரும்புவர்; பூனை சிறுநீர் கழித்த இடம்போல் நாறுகிறது என்று சிலர் மூக்கைப் பொத்துவர். நான் இரண்டாம் கட்சி.

செடியை உருவமாக வெட்டும் பழக்கம் உரோமானியர் காலத்தது. இளைய பிளினி தம் தஸ்கனி மாளிகையைப் பற்றி எழுதிய மடலில், ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும் விலங்குருவங்களையும், உரிமையாளர் பெயரையும் தோட்டக்காரர் பெயரையும் எழுத்தெழுத்தாகக் காட்டிய பாக்ஸ்வுட் வரிசைகளையும் குறிப்பிடுகிறார். முதலாளிக்கு இணையாகத் தோட்டக்காரரின் பெயரும் பச்சையில் நின்றது என்பது எனக்கு இன்றும் வியப்பே. 17-ஆம் நூற்றாண்டில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை அமைத்த ஆந்த்ரே லெ நோத்ர் இதே செடியால் தரையில் பூவேலைப்பாடு வரைந்தார். பிறகு காற்று திசைமாறியது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1713-இல் எழுதிய கட்டுரையொன்றில் விற்பனைக்கு வந்த செடியுருவங்களின் பட்டியல் என்று ஒன்றைப் புனைந்து நகையாடினார். அதில் பாக்ஸ்வுட்டால் ஆன புனித ஜார்ஜும் உண்டு. அவர் கை இன்னும் போதிய நீளம் வளரவில்லையாம். அடுத்த ஏப்பிரலுக்குள் பூதப்பாம்பைக் குத்தும் அளவுக்கு நீண்டுவிடுமாம். எள்ளல்தான், ஆனால் செடியின் இயல்பை அறிந்தவரின் எள்ளல். உருவத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே ஆகவேண்டும்.

அந்தக் காத்திருப்பில் என்ன நடக்கிறது? ஒரு கிளைநுனியை விரலிடையில் பிடித்துப் பார்ப்போம். உச்சியில் இளமஞ்சள் கலந்த பச்சையில் குருத்து. அதன்கீழ் நெருங்கிய கணுக்கள். ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் கோணத்தில் கடுகளவும் இல்லாத ஒரு மொட்டு. அம்மொட்டுகள் இறந்தவை அல்ல, உறங்குபவை. குருத்தில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளரூக்கி தண்டின்வழிக் கீழிறங்கி அவற்றை அடக்கிவைக்கிறது. 1930-களில் தைமன், ஸ்கூக் என்னும் இருவர் அவரையினச் செடியொன்றின் நுனியைக் கிள்ளினர், பக்கமொட்டுகள் விழித்தன. கிள்ளிய இடத்தில் ஆக்சினை வைத்தபோது மொட்டுகள் மீண்டும் அடங்கியே கிடந்தன. நுனிக்குச் சென்றுகொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் பக்கமொட்டுகளுக்குத் திரும்புவதும் எழுச்சிக்கு ஒரு காரணம் என்று 2014-இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக, தோட்டக்காரர் ஒரு நுனியை வெட்டுவது அடக்குமுறையை நீக்குவது. பாக்ஸ்வுட்டில் இலைகள் எதிரெதிரே இருப்பதால் ஒரு வெட்டுக்கு இரு கிளைகள் எழுவது இயல்பு. அவ்விரண்டையும் வெட்டினால் நான்கு, பிறகு எட்டு. இப்பெருக்கம்தான் வழவழப்பான பச்சை முகப்பாகிறது.

பெருக்கத்துக்கு எல்லையிடுவது ஒளி. வெளிமுகப்பு அடர அடர உள்ளே இருள் கவியும். ஒளிச்சேர்க்கை செய்ய இயலாத உள்ளிலைகள் உதிரும். நன்கு வெட்டப்பட்ட பந்தைக் கையால் விலக்கிப் பாருங்கள்: முட்டை ஓடுபோல் சில விரற்கடை தடிப்பில் பச்சை, உள்ளே வெறுங்கிளைகள், அவற்றின் கவைகளில் தங்கிய சருகு. இதனால்தான் உயிர்வேலியின் அடி அகன்றும் தலை சற்றே குறுகியும் இருக்கவேண்டும் என்பார்கள். தலை அகன்றால் அடிக்கு வெயில் கிட்டாது. ஓரிரு ஆண்டில் கீழ்ப்புறம் எலும்பாக நிற்கும். வெறுங்கிளையிலிருந்தும் துளிர்க்கும் ஆற்றல் பாக்ஸ்வுட்டுக்கு உண்டு என்பதால் கடுமையாகக் குறைத்தாலும் மீளும். ஆனால் அந்த மீட்சிக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

எப்போது வெட்டுவது? இங்கிலாந்தில் ஜூன் தொடக்கத்து டெர்பி குதிரைப் பந்தய நாளை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இளவேனில் துளிர் அதற்குள் ஓரளவு முதிர்ந்திருக்கும். உறைபனி அச்சமும் நீங்கியிருக்கும். கோடையின் இறுதியில் இன்னொருமுறை மெல்லச் சீர்செய்யலாம். அதற்குமேல் தாமதித்தால் புதுத்துளிர் முதிருமுன்னே பனியில் கருகும். நாளைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலிலைகளை நீக்கியதும் அதுவரை நிழலில் வளர்ந்த மெல்லிலைகள் வெளியே வருகின்றன. கொளுத்தும் வெயில் பட்டால் அவை தாங்காமல் வெளிறிக் காய்ந்துபோகும். எனவே முகில் மூடிய நாள் நன்று. ஆனால் மழையோ பனித்துளியோ இருக்கக்கூடாது. ஏன் என்பது பின்னர் விளங்கும். கத்தரி கூர்மையாக இருப்பது கட்டாயம். மொக்கை அலகு இலையை நசுக்கும். நசுங்கிய விளிம்பு இரண்டு நாளில் பழுப்பேறி, செடி முழுவதும் துருப்பிடித்த தோற்றம் தரும். பெரிய முகப்புக்கு ஆட்டுமயிர் கத்தரிக்கும் ஒற்றைக்கைக் கத்தரி பலருக்கு உகந்தது. நுண்ணிய மூலைகளில் சிறுகத்தரியால் இலையை விட்டுத் தண்டை மட்டும் வெட்டவேண்டும்.

மண்ணைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணச்சத்து மிகுந்த மண்ணிலும் வளரும்; நீர் தேங்கினால் வேரழுகிச் சாகும். வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால் அடியில் களைக்கொத்து போடாதீர்கள். மட்கிய தழையால் மூடாக்கு இடுங்கள், தண்டைத் தொடாமல். தொட்டியில் வளர்வது செம்பொன் நிறமானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறையே. ஆனால் அளவுமீறி உரமிட்டால் மெத்தென்ற துளிர்கள் பெருகி நோயை வரவேற்கும். புதுச்செடிக்கு, கோடை முடிவில் பாதி முதிர்ந்த கிளைநுனியை 10 செ.மீ. அளவில் நறுக்கி நட்டால் போதும்.

இனி இடருக்கு வருவோம். 1990-களின் நடுவில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில், பாக்ஸ்வுட் இலைகளில் கரும்பழுப்புப் புள்ளிகளும் தண்டுகளில் கருங்கோடுகளும் தோன்றி, செடி சில நாள்களில் மொட்டையாகும் நோய் ஒன்று கண்டறியப்பட்டது. கேலோநெக்ட்ரியா சூடோநாவிகுலாட்டா என்னும் பூஞ்சையின் செயல் அது. தோட்டக்காரர்கள் அதைக் கருகல் நோய் என்கிறார்கள். 2011-இல் அது அமெரிக்காவிலும் தலைகாட்டியது. அதன் வித்துகள் பசைத்தன்மை உடையவை; காற்றில் நெடுந்தொலைவு பறக்காதவை. மழைத்துளி தெறிப்பிலும், கத்தரியின் அலகிலும், தோட்டக்காரரின் கையுறையிலும், செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டுதான் செல்கின்றன. இலை சில மணிநேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் உட்புக அவற்றுக்கு வெட்டுக்காயம்கூடத் தேவையில்லை. உதிர்ந்த இலைகளில் ஓய்வுநிலைக்குச் சென்று ஐந்தாறு ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். வேரை மட்டும் தொடுவதில்லை. அதனால் அடியோடு வெட்டப்பட்ட செடி சிலபோது மீண்டும் துளிர்க்கிறது.

இப்போது அந்தப் பந்தின் உள்ளே மீண்டும் பாருங்கள். காற்று நுழையாத அடர்த்தி, காலை ஈரம் நண்பகல்வரை உலராத உள்வெளி, கவைகளில் தங்கிய சருகு. பூஞ்சைக்கு இதைவிட நல்ல இல்லம் அமையாது. நூற்றாண்டுகளாகத் தோட்டக்கலை எதை நிறைவு என்று போற்றியதோ அதுவே நோயின் தொட்டில். அடர்ந்து வளரும் ‘சஃப்ருட்டிகோசா’ இந்நோய்க்கு முதற்பலியாவதில் வியப்பில்லை. ஆண்டுக்குப் பலமுறை வெட்டி வழவழப்பைக் காப்பதில் பெருமை கொள்வோர் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். முகப்பு கொஞ்சம் கலைந்திருக்கட்டும் என்பது என் துணிபு. அமெரிக்காவில், குளிர்காலத்தில் முகப்பிலிருந்து ஒரு சாண் ஆழம்வரை கைவிட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறுகிளைகளை ஒடித்தெடுக்கும் பழைய வழக்கம் உண்டு. அந்த இடைவெளிகளின் வழியே ஒளி உட்செல்லும், உட்கிளைகள் துளிர்க்கும், இலைகள் விரைந்து உலரும். சருகைக் கையால் உலுக்கி அகற்றுவதும், அடியில் துணி விரித்து வெட்டுத்துண்டுகளை ஒன்றுவிடாமல் சேர்ப்பதும், ஒரு செடி முடிந்து மறுசெடிக்குப் போகுமுன் அலகைக் கிருமிநீக்கியில் துடைப்பதும் இதே கணக்கில் அடங்கும். நீரை மேலிருந்து தெளிக்காமல் வேரடியில் விடவேண்டும்.

இரண்டாவது பகை சிறகுடன் வந்தது. கிழக்காசியாவைச் சேர்ந்த சைடாலிமா பெர்ஸ்பெக்டாலிஸ் என்னும் அந்துப்பூச்சி 2007-இல் செருமனியில் அறியப்பட்டது. செடி வணிகத்தின் வழி ஐரோப்பா முழுதும் பரவியது. 2014 ஒலிம்பிக் விளையாட்டுக்காகச் சோச்சி நகரை அழகுபடுத்த இத்தாலியிலிருந்து கொண்டுவந்த பாக்ஸ்வுட் செடிகளோடு 2012-இல் அது அங்கு இறங்கியது. காக்கசு மலைகளின் இயற்கைப் பாக்ஸ்வுட் காடுகளைச் சில ஆண்டுகளில் மொட்டையடித்தது. வட அமெரிக்காவில் அதை முதலில் கண்டது 2018-இல், டொரன்டோவில். வெண்சிறகும் பழுப்பு விளிம்பும் கொண்ட தாய்ப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் வெளிறிய முட்டைகளைச் செதில்போல் அடுக்கிவைக்கும். மஞ்சட்பச்சை உடலும் கருந்தலையும் கொண்ட புழு 4 செ.மீ. வரை வளரும், இலைகளை நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும். ஆட்டையும் மாட்டையும் விரட்டும் இலைநஞ்சு இப்புழுவை ஒன்றும் செய்வதில்லை. புழு அதைத் தன் உடலில் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. பட்டாணிக்குருவி இனப் பறவைகள் சில இப்போது அதைத் தின்னப் பழகியுள்ளன என்பது ஒரு நற்செய்தி. சில செடிகளே உள்ளவர் கையால் பொறுக்கினாலே போதும். பெருந்தோட்டங்களில் ஆண்பூச்சிகளை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியை வைத்துப் பறக்கும் காலம் அறிந்து, புழு சிறிதாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிரைத் தெளிக்கிறார்கள். அடர்ந்த வெளிமுகப்பை ஊடுருவாத தெளிப்பு உட்கிளைப் புழுவைத் தொடாது. உள்வெளி திறந்த செடிக்கே தெளிப்பும் பயன்படும்.

நோய் ஒருமுறை புகுந்த மண்ணில் உடனே மீண்டும் பாக்ஸ்வுட்டை நடுவது வீண்செலவு. வெட்டிய உருவம் வேண்டுமென்றால் யூ மரம் இருக்கிறது: இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹாலில் 1694 முதல் கியோம் போமோன் அமைத்த தோட்டத்தின் பேருருவங்கள் பலவும் யூ மரத்தால் ஆனவையே. குட்டை வேலிக்கு, சுண்ணம் மிகாத மண்ணில், ஜப்பானிய ஹோலி பொருந்தும். பாக்ஸ்வுட்டேதான் வேண்டும் என்போர், பெல்ஜியத்தில் கருகலைத் தாங்குமாறு உருவாக்கிய புதிய கலப்பு வகைகளைக் கேட்டு வாங்கலாம். எந்த வகையானாலும், வாங்கிய அன்றே பழைய செடிகளின் வரிசையில் நடாதீர்கள். பூஞ்சைக்கொல்லி தெளித்த செடியில் நோய்க்குறி சில வாரங்கள் மறைந்திருக்கும். அதுவரை தோட்டத்தின் ஓர் ஓரத்தில் தனியே வைத்திருந்து, இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு நடுங்கள்.