ஏறாமலே அளந்த எவரெஸ்ட்!

சைன், காஸ், டான்... பேரைக் கேட்டதுமே பிளஸ் டூ பரீட்சை ஹால் ஞாபகம் வந்து வயித்தைக் கலக்குதா? 'இதைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறோம்?'னு கேட்காத கடைசி பெஞ்ச் உண்டா என்ன! அதுக்கான பதில் நம்ம சென்னையிலேயே இருக்கு.

1802, ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பிச்சார். கையில் 100 அடி சங்கிலி. சுமார் 12 கிலோமீட்டரை அளந்து முடிக்க 57 நாள்! 'இந்த வேகத்தில் போனா இந்தியாவை எப்போ அளக்கிறது?'ன்னு தோணுதா? அங்கேதான் நம்ம 'சைன்' கைகொடுத்தது.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு செங்கோண முக்கோணம் வரைங்க. ஒரு கோணம் 30 டிகிரி. அதுக்கு எதிரே இருக்கிற பக்கம், கர்ணத்தில் சரி பாதியா இருக்கும். நோட்டில் வரைஞ்சாலும் பாதி, கிரவுண்டில் வரைஞ்சாலும் பாதி. அந்தப் பாதிதான் சைன் 30! முக்கோணம் வளரலாம், சுருங்கலாம்; கோணம் மாறாத வரைக்கும் விகிதம் மாறாது. எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தா சைன். அடுத்த பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தா காஸ். எதிர்ப்பக்கத்தை அடுத்த பக்கத்தால் வகுத்தா டான். அவ்வளவுதான்.

இப்போ 12 கிலோமீட்டர் கோட்டின் ஒரு முனையில் நின்னு தூரத்துக் குன்றைப் பார்க்கறீங்க. கோணம் 90 டிகிரின்னு வெச்சுக்குங்க. மறுமுனையில் இருந்து பார்த்தா 60. அப்போ குன்றில் இருக்கிற மூணாவது கோணம் 30. அதுக்கு எதிர்ப்பக்கம் நம்ம 12 கிலோமீட்டர். அப்படீன்னா கர்ணம்? 24! குன்றுக்கு நடந்தே போகாம தூரம் தெரிஞ்சு போச்சு. அந்தப் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படி முக்கோணம் மேல முக்கோணமாக் கோத்துக்கிட்டே போனாங்க. சரிபார்க்க மட்டும் அங்கங்கே புதுசா ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்துக்கிட்டாங்க.

ஆனா, கோணம் தப்பினா கதை கந்தல்! சைன் 1 டிகிரி 0.01745. அதாவது ஒரு டிகிரி பிசகினா, கிலோமீட்டருக்குப் பதினேழரை மீட்டர் விலகிடும். அதனாலதான் லாம்டன், தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கோணம் அளக்கும் கருவியைச் சுமந்துக்கிட்டு அலைஞ்சார். சமவெளியான தஞ்சாவூரில் பார்வைக்கு உயரம் வேணுமே! 1808-ல் பெரிய கோயில் கோபுரத்தில் அதை ஏத்தும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிடுச்சு. மனுஷன் அசரலையே! சுமார் ஆறு வாரம் உட்கார்ந்து தானே நிமிர்த்தி, திரும்பவும் கிளம்பிட்டார்.

1823-ல் லாம்டன் இறந்த பிறகும் முக்கோணங்கள் வடக்கே நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு. இமயமலை வந்தப்போ நேபாளத்துக்குள்ளே நுழைய அனுமதி இல்லை. 160 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, இந்தியச் சமவெளியில் நின்னே சிகரத்தின் கோணத்தை அளந்தாங்க. அந்தத் தூரத்தில் ஒரு டிகிரி தப்பினா உயரத்தில் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் காலி! பூமியின் வளைவு, காற்றில் ஒளி வளையறது எல்லாத்தையும் கருத்தில் எடுத்துக் கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1852-ல் அவர் கணக்கில் அந்தச் சிகரம்தான் உலகத்திலேயே உசத்தின்னு தெரிஞ்சது. 1856-ல் அறிவிச்ச உயரம் 29,002 அடி. 2020-ல் சாட்டிலைட் உதவியோட அறிவிச்சது 8,848.86 மீட்டர். வித்தியாசம் சுமார் 30 அடிதான்!

நீங்களும் டிரை பண்ணுங்க. புரொட்ராக்டரில் நூல் கட்டி, நுனியில் ஒரு கல்லைத் தொங்க விடுங்க. காலேஜ் தண்ணி டேங்க்கோட உச்சி 45 டிகிரியில் தெரியற இடம் வரைக்கும் பின்னாடி நடங்க. டான் 45 ஒண்ணு. அதனால டேங்க் அடிவரைக்கும் உள்ள தூரத்தோட உங்க கண் உயரத்தைக் கூட்டினா, அதுதான் டேங்க் உயரம்.

ஏணியும் வேணாம், வாட்ச்மேன்கிட்ட திட்டும் வாங்க வேணாம்!