யோசிக்க நேரமில்லாத இசை

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் கைதட்டிய அடுத்த கணமே நீங்களும் தட்ட வேண்டும். எவ்வளவு சுறுசுறுப்பான ஆளாக இருந்தாலும் இரண்டு தட்டலுக்கும் நடுவே சுமார் 0.15 நொடி ஓடிப்போயிருக்கும். சத்தம் காதில் விழுந்து, நரம்பு வழியே மூளைக்குப் போய், மூளை கைக்கு உத்தரவு போட அவ்வளவு நேரமாவது வேண்டும்.

இனி ஒரு கணக்கு. அமெரிக்காவின் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர், 1945-இல் 'கோ கோ' என்ற இசையைச் சாக்ஸபோனில் வாசித்துப் பதிவு செய்தார். வேகம், நிமிடத்துக்குச் சுமார் 300 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்குப் பத்து சுரம். ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 0.1 நொடிதான்! இத்தனைக்கும் அவர் வாசித்ததில் பெரும்பகுதி எழுதி வைத்துப் படித்தது அல்ல, அந்த நேரத்திலேயே பிறந்தது.

வாசித்த சுரத்தைக் கேட்டுவிட்டு 'அடுத்து என்ன?' என்று யோசிக்க உட்கார்ந்தால், அதற்குள் அடுத்த சுரத்தின் நேரம் தாண்டிவிடும். அப்படியானால் அவர் எப்போது யோசித்தார்?

பல வருடங்களுக்கு முன்பே. பார்க்கர் கான்சாஸ் சிட்டியில் வளர்ந்தவர். பதினைந்து பதினாறு வயதில் அங்கே ரெனோ கிளப்பில் பெரிய கலைஞர்களுடன் வாசிக்க மேடையேறினார். நடுவில் தடம் புரண்டுவிட்டார். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் தன் சிம்பல் தட்டைக் கழற்றி அவர் காலடியில் எறிந்ததாகச் சொல்வார்கள். பொடியன் அழுதுகொண்டு வீட்டில் முடங்கவில்லை. மூன்று நான்கு வருடங்கள், நாளுக்கு 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்ததாக 1954-இல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார், வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போவதாக அவருடைய அம்மாவை மிரட்டினார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாக்ஸபோன் சத்தம் அப்படி.

அவ்வளவு நேரம் என்னதான் வாசிப்பது? ஜாஸ் மேடையில் பியானோக்காரர் கார்டுகளை ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார். கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள். நொடிக்கு 400, 500, 600 முறை அதிரும் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவிட்டால் காதுக்கு இதமாக இருக்கும். காரணம் 4:5:6 என்ற எளிய விகிதம். பியானோவில் இந்த எண்களைச் சற்றே நகர்த்தி வைத்திருப்பார்கள். கார்டு மாற மாற, எந்தச் சுரம் அதோடு ஒட்டும், எது உரசும் என்பது சாக்ஸபோன்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்க்கர் சில பாட்டுகளின் கார்டு வரிசையைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துப் பழகினார். அவற்றில் ஒன்று 'செரோக்கி'. 'கோ கோ' அந்தக் கார்டு வரிசையின் மேல்தான் ஓடுகிறது! பாடகருக்குச் சுருதி மாறினால் தொண்டை மட்டும் நகரும். சாக்ஸபோனில் ஒவ்வொரு சுருதிக்கும் விரல் போகும் வழியே மாறிவிடும்.

தாளமும் லேசுப்பட்டதல்ல. ஜாஸில் ஒரு தட்டுக்குள் வரும் இரண்டு சுரங்களை அநேகமாகச் சமமாகப் பங்கிட மாட்டார்கள். முதலாவது நீளம், அடுத்தது குட்டை. இதற்கு ஸ்விங் என்று பெயர். நடுத்தர வேகத்தில் நீளமும் குட்டையும் ஏறக்குறைய 2:1 ஆக இருக்கும். வேகம் ஏற ஏறச் சமத்தை நெருங்கும்.

இப்படிப் பழகியவரின் மூளையில் என்ன நடக்கிறது? சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான் என்ற இரு விஞ்ஞானிகள் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து வாசிக்கச் சொன்னார்கள். உள்ளே பெரிய காந்தம். இரும்பு இருந்தால் இழுத்துவிடும். அதனால் காந்தம் இழுக்காத பொருள்களால் 35 கட்டைகள் கொண்ட குட்டிக் கீபோர்டு செய்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. மனப்பாடமான இசையை வாசித்தபோது இருந்ததைவிட, சொந்தமாக வாசித்தபோது நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் 'சரியாகச் செய்கிறோமா?' என்று கண்காணிக்கும் பகுதியின் வேலை குறைந்திருந்தது. நெற்றிக்குப் பின்னால் நடுவில் உள்ள பகுதி சுறுசுறுப்பாகியிருந்தது. ஆறு பேர்தான் என்பதால் இதை வைத்து எல்லா இசைக்காரருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் பார்க்கரின் கணக்கோடு பொருந்துகிறது: 0.1 நொடியில் கண்காணிப்பாளரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாதே!

நீங்களும் செய்து பார்க்கலாம். கீபோர்டில் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், அவற்றின் நடுவே உள்ள வெள்ளைக் கட்டையைப் பிடியுங்கள். நம் பாட்டு டீச்சர்கள் 'இரண்டு கட்டை' என்று சொல்லும் சுருதி அது. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளிலேயே மேலே போனால் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்கள் வரும். மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'சோ வாட்' என்ற ஜாஸ் இசையின் முக்கால் பங்கு இந்தச் சுரங்களில்தான் அமைந்தது. காலால் தாளம் போட்டபடி ஒரு சுரத்தை முதலில் வாயால் பாடுங்கள். பிறகு அதே சுரத்தைக் கட்டையில் தேடுங்கள். தேடாமலேயே விரல் போய் விழத் தொடங்கியதும், எல்லாவற்றையும் ஒரு கட்டை மேலே தள்ளி, வலது பக்கத்துக் கறுப்புக் கட்டையிலிருந்து தொடங்குங்கள். 'சோ வாட்' நடுவில் அப்படித்தான் தாவுகிறது. ஏழு சுரத்தில் ஐந்து இப்போது கறுப்பில் இருக்கும், விரல் தடுமாறும். கான்சாஸ் சிட்டிப் பையனுக்கு இன்னும் பத்து சுருதி பாக்கி இருந்தது.