சாக்குப் பையில் நாலு குட்டிகள்

இரவு பத்து மணி. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒருவர் சைக்கிளில் வருகிறார். குப்பைத் தொட்டி அருகே இறங்குகிறார். கையில் ஒரு சாக்குப் பை. பைக்குள் ஏதோ நெளிகிறது, முனகுகிறது. பையைக் கீழே வைக்கிறார். திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்.

பையில் இருப்பவை நாலு நாய்க்குட்டிகள். நாலும் பெட்டை!

அவர் கல் நெஞ்சக்காரரா? இல்லை. வீட்டில் ஆசையாக ஒரு நாய் வளர்க்கிறார். அது ஆறு குட்டி போட்டது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தார். "ஆண் குட்டி இருந்தால் கொடுங்கள்" என்றார்கள். இரண்டு ஆண் குட்டிகள் போயின. மற்ற நாலையும் யாரும் கேட்கவில்லை. என்ன செய்வார், பாவம்!

இது ஒரு வீட்டின் கதை அல்ல. ஊர் ஊராக நடக்கும் கதை. இதைத் தடுக்க ஒரு சிறு ஆபரேஷன் போதும். அது பலருக்குத் தெரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

அந்த நாலு குட்டிகளில் இரண்டு செத்துப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிழைத்தால் போதும். ஒரு வயதுக்குள் அவை பருவத்துக்கு வந்துவிடும். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள்தான். வருஷத்துக்கு இரண்டு தடவைகூடக் குட்டி போடும். ஒரு தடவைக்கு ஐந்து குட்டி என்றால், இரண்டு நாய்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு இருபது!

வீட்டில் இருக்கும் தாய் நாய் சும்மா இருக்குமா? அதுவும் மறுபடி சினையாகும். மறுபடி சாக்குப் பை வெளியே வரும்.

கொன்றும் குறையவில்லை

தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுவிட்டால் என்ன? இப்படிக் கேட்பவர்கள் உண்டு. சென்னை நகரம் அதையும் செய்து பார்த்துவிட்டது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. நூறு வருஷத்துக்கு மேல்!

1860-ம் ஆண்டிலேயே அந்த வேலை தொடங்கிவிட்டது. அப்போது கொன்றது சராசரியாக நாளுக்கு ஒரு நாய்கூட இல்லை. 1996-ல் அது நாளுக்கு 135 வரை போய்விட்டது என்கிறது புளூ கிராஸ் சங்கம். அத்தனை கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை.

காரணம் எளிது. ஒரு தெருவில் கிடைக்கும் எச்சில் சோறும் குப்பையும் எத்தனை நாய்க்குப் போதுமோ, அத்தனை நாய் அங்கே இருக்கும். இருப்பதைப் பிடித்துக்கொண்டு போனால் சோறு மிஞ்சும். அடுத்த தெரு நாய் வந்து சேரும். மிஞ்சிய நாயின் குட்டிகள் நன்றாகத் தின்று பிழைக்கும்.

இதை அன்றே கண்டு சொன்னவர் கேப்டன் சுந்தரம். அவர் ஒரு விமானி. அவர் மனைவி உஷாவும் விமானம் ஓட்டியவர். 1959-ல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை அவர் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் புளூ கிராஸ் சங்கம். "கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள், தடுப்பூசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விடுங்கள்" என்பது 1964 முதல் அந்தச் சங்கம் சொன்ன யோசனை. நகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 30 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1996-ல்தான் சென்னையில் நாய்களைக் கொல்வது நின்றது. 2001-ல் இந்தியா முழுவதுக்கும் அதே முறை சட்ட விதியாக வந்தது.

காதில் சிறு வெட்டு உள்ள தெரு நாயைப் பார்த்திருப்பீர்கள். ஆபரேஷன் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்படியானால் சென்னையில் நாய் குறைந்துவிட்டதா? இல்லை. 2024-ல் எடுத்த கணக்கில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் தெரு நாய்கள் இருந்தன. அவற்றில் ஆபரேஷன் ஆனது ஏறத்தாழ நாலில் ஒன்றுதான். நாலில் மூன்றுக்காவது ஆனால்தான் பலன் தெரியும். ஒரு பக்கம் ஆபரேஷன் நடக்கிறது. மறு பக்கம் வீடுகளிலிருந்து சாக்குப் பை வருகிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றினால் நிறையுமா?

இது பாவமா?

"வாயில்லாப் பிராணிக்குக் குடும்பக் கட்டுப்பாடா? பாவம் அல்லவா?" என்று பாட்டிமார் கேட்பது உண்டு.

மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆபரேஷன் செய்கிறார்கள். பெட்டை நாய்க்குக் கருப்பையையும் சினைப்பையையும் எடுப்பார்கள். ஆண் நாய்க்கு விதையை எடுப்பார்கள். பத்து நாளில் புண் ஆறிவிடும். அதுவரை நாய் அதை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்புறம் செய்யலாம்" என்பார்கள். அதனால் நாய்க்கு எந்த நன்மையும் இல்லை. சிறு வயதிலேயே செய்துவிட்டால் மடிக் கட்டி வருவது மிகவும் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடித்துச் சாகும் ஆபத்தும் போகிறது.

"ஆண் நாய் காவல் காக்காது" என்பதும் தவறு. அது காவல் காக்கும். பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும், சண்டை போட்டுக் கடிபட்டு வருவதும்தான் குறையும். உடம்பு கொஞ்சம் பெருக்கும். சோற்றைக் குறைத்தால் சரியாகிவிடும்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

ஓர் ஊசி, ஓர் உயிர்

குட்டி மட்டுமா கவலை? வெறிநோய் அதைவிடப் பெரிய கவலை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59 ஆயிரம் பேர் இந்த நோயால் சாகிறார்கள். பெரும்பாலும் நாய்க்கடிதான் காரணம். குழந்தைகள்தான் அதிகம் கடிபடுகிறார்கள். நோய்க் குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

ஆனால் இந்த நோயைத் தடுக்க முடியும்! குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ஓர் ஊசி. பிறகு டாக்டர் சொல்லும் நாளில் மறு ஊசி. அதன்பின் வருஷத்துக்கு ஒன்று. இரத்த பேதியாகிக் குட்டி சாகும் 'பார்வோ' நோய்க்கும், மனிதருக்கும் தொற்றும் எலிக் காய்ச்சலுக்கும் தடுப்பூசி உண்டு. அதை ஆறு, எட்டு வாரத்திலேயே தொடங்க வேண்டும். பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, சொந்த வீட்டுக் குட்டியே ஆனாலும், உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குக் காசு இல்லை.

செலவுக்கு எங்கே போவது?

"தனி டாக்டரிடம் போனால் கட்டுப்படியாகாது" என்று பலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். ஆனால் வழி இருக்கிறது.

பக்கத்தில் அரசாங்கக் கால்நடை மருந்தகம் இருக்கும். அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் அல்ல. நாய்க்கும் பூனைக்கும் உண்டு. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு ஏழை, பணக்காரர் எல்லோரும் நாயைக் கொண்டு வருகிறார்கள். பிராணி நலச் சங்கங்களும் குறைந்த செலவில் ஆபரேஷன் செய்கின்றன. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம் நடக்கும். விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் செலவு ஒரே ஒரு தடவைதான். குட்டி போட்டால் ஒவ்வொரு தடவையும் பால், சோறு, மருந்து என்று செலவு. அதோடு மனச் சங்கடம் வேறு.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் அன்றே இரண்டு தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்: ஒன்று ஊசிக்கு, மற்றொன்று ஆபரேஷனுக்கு. குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள், அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அப்புறம் அந்த வீட்டில் சாக்குப் பைக்கு வேலை இருக்காது.