வழுக்கும் தரையும் வெளியேறாத நீரும்

மதுரையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது முதிர்ந்த தம் தாயாருக்காக வழுக்காத குளியலறை விரிப்பு ஒன்று வாங்கப் போனாராம். கடைக்காரர் அதைக் கண்ணாடி மேஜையின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திவிட்டு, இழுத்துப் பாருங்கள் என்றாராம். இரு கைகளாலும் இழுத்தும் அது அசைந்து கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தபோதோ, அம்மா காலை வைத்ததும் விரிப்பும் காலோடு சேர்ந்து நகர்ந்துவிட, குழாயைப் பற்றிக்கொண்டு தப்பியிருக்கிறார். கடையில் ஒட்டிய விரிப்பு வீட்டில் ஏன் ஒட்டவில்லை என்பது அவருடைய கேள்வி.

இது அற்பமான கேள்வியன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த ஸ்தானம் இதற்குத்தான். அவ்வாறு மடிகிறவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, உயிர் தப்பியும் பின் ஒருபோதும் தானாக எழுந்து நடமாட முடியாமல் போன பெரியவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு ரப்பர் விரிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது அதிகமென்று தோன்றாது.

முதலில் கடைக்காரர் காட்டிய வித்தையைப் பார்ப்போம். விரிப்பின் அடியில் உள்ள ரப்பர்க் கிண்ணங்களை, சக்‌ஷன் கப் என்பார்களே அவற்றை, அழுத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. பிறகு கிண்ணம் எதையும் உறிஞ்சுவதில்லை, வெளியிலிருக்கும் வாயுமண்டலம்தான் அதைத் தரையோடு வைத்து அழுத்துகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ என்பது அந்த அழுத்தத்தின் அளவு. ஆகவே இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணமொன்றை அதிகபட்சம் மூன்று கிலோ எடையளவுக்குக் காற்று அழுத்திப் பிடிக்கும். நூறு கிண்ணங்கள் இருந்தால் கணக்கு பிரமாதமாகத்தான் வரும். ஆனால் இத்தனையும் கிண்ணத்தின் விளிம்பு ஒரு மயிரிழை இடைவெளியுமின்றித் தரையில் படிந்திருக்கும் வரைக்கும்தான். கண்ணாடியில் அது சாத்தியம்; எனாமல் பூசிய குளியல் தொட்டியில் சாத்தியம்; பளபளப்பான பெரிய டைல்ஸிலும் ஓரளவு சாத்தியம். நம் குளியலறைகளில் இப்போது வழக்கமாகப் பதிக்கப்படும், உப்புத்தாள்போல் சொரசொரப்பான ‘ஆன்டி ஸ்கிட்’ டைல்ஸில் அது சாத்தியமே இல்லை. இரண்டு டைல்ஸுக்கு நடுவே சாந்து பூசிய பள்ளம் ஒன்று கிண்ணத்தின் அடியில் ஓடினாலும் போதும், ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தாலும் போதும், காற்று உள்ளே புகுந்துவிடும். புகுந்த க்ஷணத்திலிருந்து அது வெறும் ரப்பர்க் கால்தான். பிடித்து நிறுத்துவதை விட்டு, விரிப்பைத் தரையோடு படியவொட்டாமல் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். வழுக்கக்கூடாது என்று சொரசொரப்பான தரை போட்டவர், அதன்மேல் வழுவழுப்பான தரைக்கென்றே ஏற்பட்ட விரிப்பை விரித்தால் இரண்டின் பயனையும் இழக்கிறார். மதுரை அன்பரின் வீட்டில் சம்பவித்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதன் சரித்திரம் நமக்கு அதிகம் வேண்டியதில்லை. காற்றின் அழுத்தம் எவ்வளவு வலியது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே பதினேழாம் நூற்றாண்டிலேயே இரு செப்பு அரைக்கோளங்களையும் குதிரைகளையும் கொண்டு ஊரறியக் காட்டிவிட்டார். இங்கிலாந்தில் 1883-ஆம் ஆண்டு, பீச்சம் டவர் என்ற பொறியாளர் சுழலும் அச்சைத் தாங்கும் உலோகத்தில் எண்ணெய்க்காக ஒரு துளை இட, அதன் வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. அடைத்த மரத்தக்கையையும் தள்ளிக்கொண்டு வந்தது. இரு பரப்புகளுக்கு நடுவே சிக்கிய மெல்லிய திரவப் படலம் பெரும் பாரத்தைச் சுமக்க வல்லது என்பது அவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. அதற்குரிய கணிதத்தை 1886-இல் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் எழுதி வைத்தார். இவ்வளவு போதும்.

ஏனெனில் வழுக்குவதன் சூட்சுமம் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. நீர் வழுக்கும் பொருள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பாதம் தரையைத் தொட்டுவிட்டால் ஈரத்திலும் கணிசமான உராய்வு உண்டு. ஆபத்து, தொடாமலிருப்பதில் இருக்கிறது. குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே அகப்பட்ட நீர் வெளியேறி முடிவதற்குள் உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்துவிடுமானால், அந்த வேளையில் மனிதர் தரைமேல் நிற்கவில்லை, நீர்மேல் நிற்கிறார். ஆகவே ஒரு விரிப்பு எவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது என்று கேட்பதற்கு முன், தன்மேல் விழுந்த நீரை அது எவ்வளவு விரைவாக வெளியேற விடுகிறது என்று கேட்க வேண்டும்.

ஒரு கல்யாண மண்டபத்தை மனத்தில் கொள்ளுங்கள். பந்தி முடிந்து ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வெளியே போக வேண்டும். வழியோ சுற்றியுள்ள விளிம்பில் மட்டும்தான் இருக்கிறது. ஓரத்தில் இருப்பவர் உடனே போய்விடுவார். நடுவில் இருப்பவர், தமக்கு முன்னால் உள்ள அத்தனை பேரும் நகர்ந்த பிறகே நகர முடியும். இத்துடன், மண்டபத்தின் கூரையும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிமிர்ந்து நடந்தவர்கள் பிறகு குனிந்து நடக்கிறார்கள், பிறகு தவழ்கிறார்கள், பிறகு வயிற்றால் ஊர்கிறார்கள். கூரை தாழத் தாழக் கூட்டம் கலைவது தாமதமாகிறது, கூட்டம் கலையாததால் கூரையும் மேற்கொண்டு தாழ முடியாமல் அவர்கள் முதுகின் மேலேயே தங்கிவிடுகிறது. அந்தக் கூரைதான் குதிகால். அந்தக் கூட்டம்தான் நீர். ரெனால்ட்ஸின் கணிதம் இதற்கு அளவும் சொல்லுகிறது: ஒரே பாரத்தின்கீழ், படலத்தின் கனம் பாதியானால், அது மெலிகிற வேகம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

எண்களாலும் பார்க்கலாம். குதிகாலை ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டையான வட்டம் என்றும், அதன்மேல் முப்பது கிலோ பாரம் என்றும், தரை முழு வழுவழுப்பு என்றும் வைத்துக் கணக்கிட்டால், இடையிலுள்ள நீர் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்கு மெலிய விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அதிலும் பத்தில் ஒரு பங்காக மெலிந்தால்தான் தோல் பளபளப்பான டைல்ஸை உள்ளபடியே தொடும். அதற்கோ நூறு மடங்கு நேரம், அதாவது மூன்று விநாடி பிடிக்கும். நடப்பவரின் பாதம் அத்தனை நேரம் பொறுத்திராது. உண்மையான பாதத்துக்கு ரேகைகளும் வளைவும் இருப்பதால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. எனினும் திசை இதுதான்.

இப்போது அதே மண்டபத்தைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறையைச் சுற்றியும் அகன்ற தாழ்வாரம் ஒன்று விடுங்கள். அந்த அறைகள்தான் விரிப்பின் மேலுள்ள சிறு திட்டுகள். அழுத்தம் மாறாதிருக்க, ஒரு திட்டின் அகலம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் நீர் வெளியேறும் நேரம் நூறில் ஒன்றாகச் சுருங்குகிறது. அரை சென்டிமீட்டர் அகலமுள்ள ரப்பர்த் திட்டுகளும், அவற்றைச் சுற்றி நீர் ஓடக் கால்வாய்களும் இருந்தால், முன்பு மூன்று விநாடி எடுத்த காரியம் விநாடியில் முப்பதில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. பாரமும் அதே, நீரும் அதே, பாதமும் அதே. பிரித்து வைத்தது ஒன்றுதான் வித்தியாசம். இந்த ஏற்பாட்டை நான் எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு அடங்குவதில்லை. மழைக்காட்டின் மரத்தவளை இதைத்தான் தன் விரல் நுனியில் வைத்திருக்கிறது: அறுகோணத் திட்டுகளும் அவற்றுக்கிடையே கால்வாய்களுமாக அமைந்த அதன் விரற்பட்டையை உருப்பெருக்கியின்கீழ் பார்த்தால், ஈர இலையில் அது எவ்வாறு நிலைத்திருக்கிறது என்பது விளங்கும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளுக்கு இதில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. நல்லெண்ணெயின் பாகுத்தன்மை நீரைக் காட்டிலும் சுமார் ஐம்பது மடங்கு. படலம் வெளியேறும் நேரமும் அதே விகிதத்தில் நீளுவதால், அந்த மூன்று விநாடி இரண்டரை நிமிஷமாகிவிடும். தீபாவளிக் காலையில் எண்ணெய்க் காலோடு பெரியவர்களைத் தனியே குளியலறைக்குள் அனுப்புவது எவ்வளவு அபாயமென்பதை இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப் போகும் இயல்புடையது என்பதையும், அந்த வீட்டார் விரிப்பை அன்றன்றே சீயக்காயோ சோப்போ போட்டுக் கழுவிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், அட்டைப்பெட்டியின் மேலுள்ள வாசகங்கள் பெரும்பாலும் நிறமிழந்துவிடுகின்றன. ‘200 கிண்ணங்கள்’ என்பது உங்கள் தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘நானோ’ என்பது எதைப் பற்றியுமே ஒன்றும் சொல்லவில்லை. கூழாங்கல்போல் உருண்டு வழுவழுத்த மேடுகளை வைத்துவிட்டு ‘அக்குபிரஷர்’ என்று எழுதியிருப்பதை நான் முற்றிலும் வெறுக்கிறேன். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் குளியலறையில் வேண்டியது பிடிப்பேயன்றிக் குத்தல் அன்று. விரிப்பை விரலால் அழுத்திப் பாருங்கள்: மிருதுவாக அமுங்கி மீளும் ரப்பர், சொரசொரப்பான தரையின் மேடுபள்ளங்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், கடினமான மலிவு பிளாஸ்டிக்கோ, அந்த மேடுகளின் நுனியில் மட்டும் நிற்கும். மேலே சிறிய திட்டுகள், நடுவே தாராளமான துளைகள், அடியிலும் நீர் ஓட வழி என்ற மூன்றும் இருக்கட்டும். சொரசொரப்பான டைல்ஸ் உள்ளவர்கள் கிண்ணமில்லாத, கனமான, அடிப்பாகம் பரவலாகப் படியும் ரப்பர் விரிப்பையே வாங்குங்கள். வழுவழுப்பான தரையோ தொட்டியோ உள்ளவர்கள் கிண்ணம் வைத்ததை வாங்கி, தரையைத் தேய்த்து, நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு கிண்ணமாக அழுத்துங்கள்.

எந்த விரிப்பும் குளித்து முடித்ததும் எடுத்துத் தொங்கவிடப்பட வேண்டும். எப்போதும் ஈரத்தில் கிடந்தால் அதன் அடியில் நுண்ணுயிர்கள் கொழகொழப்பான பிசின் ஒன்றைச் சுரந்து கால்வாய்களை அடைத்துவிடுகின்றன; அதன் பிறகு அது வழுக்காத விரிப்பு அல்ல, வழுக்கும் விரிப்பு. மாதக்கணக்கில் உபயோகித்து விறைத்துப் போனதைக் காசு பாராமல் மாற்றிவிடுங்கள்.

மதுரை அன்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாயாருக்காகச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றும் பொருத்துங்கள்; ஆனால் ரப்பர்க் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியை வாங்கிவிடாதீர்கள். அதுவும் அதே காற்றை நம்பி நிற்பதுதான். எப்போது விடும் என்று முன்னறிவிப்புக் கொடுக்காது. சுவரைத் துளைத்துத் திருகாணியால் முடுக்கிய எவர்சில்வர் கம்பியே வேண்டும். அதில் உங்கள் முழு பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்த பிறகே அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.