சேற்றுக்குள் 18 ஆயிரம் தூண்!

மண்ணுக்கு அடியில் சிமெண்டு வைத்தியம். கரையைக் காப்பாற்றிய அதிசயம்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பார்கள். சுவர் இருந்தும் ஒரு நகரமே மூழ்கிப்போன கதை இது.

சுவரின் உயரத்தில் குறை இல்லை. அதைத் தாங்கி நின்ற மண்தான் காலை வாரிவிட்டது!

அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் நகரம் நியூஆர்லியன்ஸ். ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு. இன்னொரு பக்கம் பெரிய ஏரி. ஊரில் ஏறக்குறைய பாதி, கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கிண்ணம் மாதிரி ஊர். சுற்றிலும் கரை. கரை இருக்கும் வரைதான் ஊர்.

2005-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி "கத்ரினா" புயல் தாக்கியது. ஏரித் தண்ணீர் கால்வாய்க்குள் ஏறியது. "17-வது தெரு கால்வாய்" என்று பெயர். அதன் இரு கரையிலும் மண்ணைக் கொட்டி, மேலே கான்கிரீட் சுவர் எழுப்பி இருந்தார்கள்.

தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. பல அடி பாக்கி இருந்தது. அப்போதே ஒரு கரை சரிந்தது. சுவரும் மண்ணும் சேர்ந்து சுமார் 45 அடி தூரம் நகர்ந்து போய்விட்டன!

எதிர்க்கரை அப்படியே நின்றது.

இப்படிப் பல இடங்களில் கரை உடைந்தது. நகரத்தில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. புயலிலும் வெள்ளத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். பல பேர் வீட்டுக்கூரை மேல் ஏறி நின்று, "காப்பாற்றுங்கள்" என்று கதறினார்கள்.

என்ன காரணம்?

நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். கரைக்கு அடியில் இருந்தது இளகிய களிமண். இடையிடையே மக்கிய தழைச்சேறு. சுவருக்குக் கீழே இறக்கிய இரும்புத் தகடுகளும் போதிய ஆழம் போகவில்லை. தண்ணீர் சுவரைத் தள்ளியது. அடியில் இருந்த களிமண் வழுக்கிவிட்டது.

வெண்ணெய் மேல் அம்மிக்கல்லை வைத்தால் என்ன ஆகும்? கல் இறங்கும். வெண்ணெய் பக்கத்தில் பிதுங்கும். சேற்று நிலத்தில் கரை கட்டினாலும் அதே கதிதான். உயரம் கூடக் கூட பாரம் கூடும். பாரம் கூடினால் சரியும். உயர்த்தினாலும் ஆபத்து, உயர்த்தாவிட்டாலும் ஆபத்து!

கிழக்கே வந்த சிக்கல்

நகரத்தின் கிழக்குப் பகுதியில் 5 மைலுக்கு மேல் நீளமான ஒரு மண்கரை உண்டு. கத்ரினாவின்போது அலை இதன் தலைக்கு மேலேயே ஏறிப் பாய்ந்து அரித்தது. இதைப் பல அடி உயர்த்தியே ஆகவேண்டும் என்று ராணுவ என்ஜினீயர் படை முடிவு செய்தது.

கரை உயர்ந்தால் அடி அகலமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் கப்பல் போகும் கால்வாய். மறுபக்கம் வனவிலங்குச் சரணாலயம். எங்கே போய் அகலப்படுத்துவது?

"கெட்ட மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு நல்ல மண்ணைப் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். சேறு பல பத்து அடி ஆழம் இருக்கிறது. தோண்டிய பள்ளத்திலேயே மிச்சக் கரையும் வந்து விழும்!

"மண்ணைக் கொட்டிவிட்டு, அது தானாக இறுகட்டும் என்று விட்டால்?" வருஷக்கணக்கில் ஆகும். அடுத்த புயல் அதுவரை காத்திருக்குமா?

துளை போடும் எந்திரம்

அதனால் மண்ணை வெளியே எடுக்காமல், இருந்த இடத்திலேயே கல்லாக்க முடிவு செய்தார்கள். 1960-களின் கடைசியில் ஜப்பானிலும் சுவீடனிலும் ஆராய்ச்சி தொடங்கிய வித்தை இது. முதலில் சுண்ணாம்பைக் கலந்து பார்த்தார்கள். பிறகு சிமெண்டு வந்தது.

ராட்சத எந்திரம் ஒன்று. அதில் நீளமான தண்டு. தண்டின் நுனியில் மாவு கலக்கும் மத்து மாதிரி இரும்புத் தகடுகள். தண்டு சுழன்றபடி தரைக்குள் இறங்கும். நுனியில் இருந்து சிமெண்டுக் குழம்பு பீய்ச்சி அடிக்கும். சேறும் சிமெண்டும் அங்கேயே கலக்கும். தண்டு மேலே வரும்போதும் கலக்கிக்கொண்டே வரும்.

எந்திரம் நகர்ந்ததும் தரைக்குள் ஒரு தூண் தயார்! சுமார் 5 அடி அகலம். நாள் ஆக ஆக அது இறுகும்.

தூண்களைத் தனித்தனியாக நட்டால் போதாது. பக்கவாட்டில் தள்ளினால், ஒற்றைத் தூண் சாய்ந்து முறிந்துவிடும். அதனால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும்படி வரிசையாக அமைத்தார்கள். கரையின் நீளத்துக்கு அல்ல; குறுக்கே! பூமிக்குள் சுவர் சுவராக நின்று அவை முட்டுக்கொடுக்கின்றன.

மக்கிய தழை இருந்தால் சிமெண்டு சரியாக இறுகாது. ஆகவே முதலில் மண்ணை எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்தில் விதவிதமாகக் கலந்து பார்த்தார்கள். இரும்பு ஆலைக் கசடுத்தூள் 3 பங்கு, சிமெண்டு 1 பங்கு என்ற கலவை தேர்வானது.

தூண் போட்ட பிறகும் விடவில்லை. மேலிருந்து கீழ்வரை துளை போட்டு, உள்ளே இருந்த துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வேலை ஆயிற்றே! ஏமாற்றினால் புயல் வரும் நாளில்தான் தெரியும்.

2010-ல் தொடங்கிய தூண் வேலை 2011-ல் முடிந்தது. சுமார் 18 ஆயிரம் தூண்கள். 4 லட்சம் டன்னுக்கு மேல் கலவைத் தூள். அமெரிக்காவில் அதுவரை இவ்வளவு பெரிய அளவில் இந்த வேலை நடந்தது இல்லை.

அதே தேதி!

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. சரியாக 16 ஆண்டு கழித்து அதே நாளில் "ஐடா" புயல் வந்தது. மணிக்கு 240 கிலோ மீட்டர் வேகத்தில் கரை ஏறியது.

நகரம் முழுவதும் மின்சாரம் போனது. இருட்டிலும் புழுக்கத்திலும் ஜனங்கள் தவித்தார்கள். ஆனால், நகரத்தைச் சுற்றிப் புதுப்பித்த கரைகள் உடையவில்லை!

புயல் மேற்கே விலகிப் போனதும் ஒரு காரணம்தான். முழுப் பரீட்சை இன்னும் வரவில்லை. நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது, கடல் ஏறிக்கொண்டே வருகிறது, கரைகளை மறுபடி உயர்த்த வேண்டியிருக்கும் என்று 2019-லேயே ராணுவ என்ஜினீயர்கள் எச்சரித்து இருக்கிறார்கள்.

கிழக்குக் கரையில் மேலே பச்சைப் புல்தான் தெரியும். தூண் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். சரி. ஆனால், தரை நின்றால்தானே சுவர்?