பந்து எங்கே வரும் என்று கணினிக்குத் தெரியும்

2015 பிப்ரவரி 1. அரிசோனா மாநிலத்தின் கிளென்டேலில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். அதற்குச் சில நாள் முன்பே இ.ஏ. நிறுவனம் தன் 'மேடன் 15' வீடியோ கேமில் அதே இரு அணிகளையும் கணினியே ஆடும்படி மோதவிட்டு, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24 என்று முடிவை அறிவித்திருந்தது. நிஜ ஆட்டமும் 28–24 என்றே முடிந்தது. கிளி ஜோசியக்காரர்கூடப் பொறாமைப்படும் பலிதம்.

ஆனால் அந்த முடிவைத் தீர்மானித்த ஒற்றை வீச்சை அந்த கேமால் உருவாக்கியிருக்க முடியுமா? முடியாது என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். ஆட்டம் முடிய 26 விநாடி. சியாட்டிலுக்குத் தேவை ஒரே ஒரு யார்டு. வலப்பக்கம் இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முன்னால் நிற்பவர் எதிராளியின் வழியை மறிப்பார். அந்த மறைவில் பின்னால் நிற்பவர் உள்ளே பாய்ந்து பந்தை வாங்குவார். பேட்ரியாட்ஸின் பிராண்டன் பிரவுனர் அந்த அடுக்கைப் பார்த்தார். பக்கத்திலிருந்த மால்கம் பட்லருக்குக் கைகாட்டிவிட்டு, முன்னால் நின்ற ரிசீவரை அசையவிடாமல் பிடித்து நிறுத்தினார். பட்லரோ ரிசீவருக்கு முன்பே அந்த இடத்துக்குப் போய்ப் பந்தைப் பறித்துவிட்டார். எந்த அணியும் தேர்வில் சீந்தாத புதுமுகம் அவர். தொழில்முறை ஆட்டத்தில் அவர் பறித்த முதல் பந்தே அதுதான். அந்த வாரப் பயிற்சியில் இதே உத்தியை மாற்று வீரர்கள் போட்டுக் காட்டியபோது பட்லர் ஒரு அடி தாமதித்து ஏமாந்திருந்தார். அந்தச் சூடு நினைவில் இருந்தது.

ஒரு கைகாட்டல், ஒரு பழைய சூடு. இந்த இரண்டையும் நிரலாக எழுத முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பந்தை வீசும் குவாட்டர்பேக்குக்கும் அதை வாங்க ஓடும் ரிசீவர்களுக்கும் யார் எங்கே போகப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். தடுப்பவர்களுக்குத் தெரியாது. தடுக்க அடிப்படையில் இரண்டு வழி. ஒன்று, ஆளுக்கு ஒரு ஆள் என்று ஒட்டிக்கொண்டே ஓடுவது. இன்னொன்று, மைதானத்தைப் பங்கு போட்டுக்கொண்டு அவரவர் வட்டாரத்தைக் காப்பது. கவர் 2, கவர் 3, கவர் 4 என்று சொல்கிறார்களே, அந்த எண் பின்புற ஆழத்தைக் காக்கும் ஆட்களின் கணக்கு. மைதானத்தின் அகலம் 53 யார்டும் கொஞ்சமும். கவர் 3இல் ஒருவருக்குச் சுமார் 18 யார்டு அகலம். கவர் 2இல் கிட்டத்தட்ட 27. அத்தனை அகலத்தை ஒற்றை ஆளாகக் காப்பது லேசுப்பட்ட காரியமா? அதனால்தான் டாம்பா பே அணியில் பயிற்சியாளர்கள் டோனி டன்ஜியும் மான்டி கிஃபினும் நடுவில் நிற்கும் லைன்பேக்கரையே பின்னோக்கி ஓடவிட்டு நடு ஆழத்தை அடைத்தார்கள். அதற்கு 'டாம்பா 2' என்றே பெயர் விழுந்தது. 2003 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் கிஃபினின் தற்காப்புப் படை ஓக்லண்டிடமிருந்து ஐந்து பந்துகளைப் பறித்தது. டாம்பா பே 48–21 என்று வென்றது. டன்ஜி அதற்குள் வேறு அணிக்குப் போய்விட்டிருந்தார்.

தொடக்க கால கேம்களில் இதெல்லாம் கிடையாது. 1989இல் நின்டெண்டோவுக்கு வந்த 'டெக்மோ பவுல்' அணிக்கு ஒன்பது பேர், நான்கே உத்திகள் என்று இருந்தது. எதிராளி எடுத்த உத்தியைத் தடுப்பவர் சரியாக ஊகித்துவிட்டால் அத்தனை பேரும் உள்ளே புகுந்து துவைத்துவிடுவார்கள். ஆட்டம் சுவையானது, சந்தேகமே இல்லை. ஆனால் அது தற்காப்பல்ல, ஒத்தையா ரெட்டையா.

அதற்கு ஓராண்டு முன்பே, 1988இல், ஆப்பிள் 2 கணினிக்கு 'ஜான் மேடன் ஃபுட்பால்' வந்துவிட்டது. அந்தக் கணினியின் சக்திக்கு அணிக்கு ஏழு பேர் போதும் என்று இ.ஏ.வை நிறுவிய டிரிப் ஹாக்கின்ஸ் நினைத்தார். ஓக்லண்ட் ரைடர்ஸின் முன்னாள் பயிற்சியாளரான மேடன் மறுத்தார்: பதினொருவர் இல்லையென்றால் அது ஃபுட்பாலே அல்ல. அந்தப் பிடிவாதத்தால் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. ஆனாலும் பின்னால் நிற்கும் சேஃப்டிகளுக்குத் திரையில் இடம் கிடைத்தது அதனால்தான்.

இடம் கிடைத்ததும் வேறொரு சிக்கல் முளைத்தது. கேமுக்குள் ஓடும் கணினிக்குப் பந்து எங்கே போகிறது, யார் எந்தப் பாதையில் ஓடுவார், எல்லாம் தெரியும். இரண்டு பக்கமும் அதுதானே! முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கும் தடுப்பாளர் பந்தைப் பார்க்காமலே, பிடரியில் கண் இருப்பதுபோலக் கையை நீட்டித் தட்டிவிடுவார். ஆடுபவர்கள் கடுப்பானார்கள். 2012இல் வந்த 'மேடன் 13'தான் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: தலையைத் திருப்பிப் பந்தைப் பார்த்த பிறகே தடுப்பாளர் அதற்குக் கை நீட்டலாம்.

என் பார்வையில் இந்த கேம்களின் தற்காப்பு வரலாறு முழுவதும் இதுதான். மற்ற இடங்களில் கணினிக்கு அறிவூட்டுகிறோம். இங்கே அதற்கு அறியாமையை ஊட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் சரியான அளவில். வீரர்களுக்குத் தரப்படும் மதிப்பெண்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். 'ஆட்டத்தை இனங்காணுதல்', 'வட்டாரக் காவல்' என்று 100க்குள் எண்கள் இருக்கின்றன. மதிப்பெண் குறைந்தவருக்குக் கணினி உண்மையைச் சற்றுத் தாமதமாகச் சொல்கிறது, அவ்வளவே.

2005இல் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. நிஜத்தில் சேஃப்டிகள் குவாட்டர்பேக்கின் கண்ணைப் படிப்பவர்கள். நல்ல குவாட்டர்பேக் கண்ணாலேயே பொய் சொல்வார். இதைக் கொண்டுவர 'மேடன் 06' அவர் பார்க்கும் திசையை ஒரு ஒளிக்கற்றையாகத் திரையில் காட்டியது. குவாட்டர்பேக் பேட்டன் மேனிங்கின் கற்றை பாதி மைதானத்துக்கு விரியும். கத்துக்குட்டிக்கு டார்ச் லைட் அளவு. பலருக்கு அது பிடிக்கவில்லை, சில ஆண்டுகளில் போய்விட்டது. எனக்கென்னவோ அது இன்னும் கொஞ்சம் பொறுமைக்குத் தகுதியான யோசனை என்றே படுகிறது.

நெடுநாள் உறுத்திய இன்னொரு குறை, வட்டாரக் காவலர்கள் தங்கள் புள்ளிக்கு ஓடிப்போய் அங்கேயே நிற்பது. எதிரில் ரிசீவரே வராவிட்டாலும் ஆளில்லாத கடையில் டீ ஆற்றுவதுபோல நின்றுகொண்டிருப்பார்கள். நிஜ ஆட்டம் இதை எப்போதோ கடந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியில் பில் பெலிசிக்கின் கீழ் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்தவர் நிக் சேபன். ஆழத்தைக் காக்க இவர்களிடம் மூன்று பேர்; பிட்ஸ்பர்க் அணியோ நான்கு பேரை நேராக ஓடவிட்டது. மூன்று காவலுக்கு நான்கு திருடர். அதற்கு அவர்கள் கண்ட விடை, வட்டாரமாகத் தொடங்கி, எதிராளி ஓடும் பாதையைப் பார்த்த பிறகு ஆளுக்கு ஆளாக மாறிக்கொள்வது. 1994இல் கிளீவ்லண்ட் அணி 16 ஆட்டங்களில் 204 புள்ளிகளே கொடுத்தது. லீக்கில் அதுதான் மிகக் குறைவு. அதே பருவத்தில் பிட்ஸ்பர்க்கிடம் மூன்று முறையும் தோற்றது என்பது தனிச் சோகம்.

இந்தப் பாதை பார்த்து மாறும் காவல் இப்போதைய மேடனில் நன்றாகவே வேலை செய்கிறது. 'அவன் நேராக ஓடினால் நீ கூடவே போ, உள்ளே திரும்பினால் அடுத்தவனிடம் விடு' என்பதே நிரல்மொழிபோலத்தானே இருக்கிறது! ஆனால் நிஜத்தில் இந்த உத்தி உடைவது விதி தெரியாததால் அல்ல. ஒருவர் கத்தியது இன்னொருவர் காதில் விழாததால். 70,000 பேர் இரையும் அரங்கில் இரண்டு தடுப்பாளர்கள் ஒரே ரிசீவரின் பின்னால் ஓடி இன்னொருவரை அம்போவென்று விட்டுவிடுவார்கள். கேமிலும் அப்படி நடப்பதுண்டு. ஆனால் அதைப் பார்த்து 'காதில் விழவில்லை போல' என்று யாரும் நினைப்பதில்லை. 'நிரலில் கோளாறு' என்கிறோம். 2024இல் வந்த 'காலேஜ் ஃபுட்பால் 25' இரைச்சலைக் கொஞ்சம் மதித்தது. எதிரணி ஊரில் கூட்டம் கத்தினால், ரிசீவர் ஓட வேண்டிய பாதையின் கோடுகள் திரையில் நெளிந்து குழம்பிவிடும். அருமையான யோசனை. ஆனால் குழப்பம் தாக்குபவருக்கு மட்டும்தான்.

கேமராவும் ஒரு பொய் சொல்கிறது. நாம் குவாட்டர்பேக்கின் பின்னால், உயரத்தில் இருந்து மைதானம் முழுவதையும் பார்க்கிறோம். நிஜக் குவாட்டர்பேக் ஆறரை அடி மலைகளின் இடுக்கில் எட்டிப் பார்க்கிறார். தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ போன்றவர்களின் வித்தை, இரண்டு சேஃப்டிகளை ஒரே மாதிரி ஆழத்தில் நிறுத்திவிட்டு, பந்து கைமாறிய கணத்தில் ஒருவரை வேறிடத்துக்கு உருட்டுவது. மொட்டை மாடியிலிருந்து பார்ப்பவரிடம் அந்த வேஷம் பாதி கலைந்துவிடுகிறது.

இப்போது பட்லருக்கு வருவோம். கணினி அதைச் செய்யாது என்றேன். கேம் ஆடும் மனிதர் செய்வார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் நடு லைன்பேக்கரையோ சேஃப்டியையோ தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு மற்ற பத்துப் பேரையும் கணினியிடம் விட்டுவிடுகிறார்கள். ஒரே மாதிரி வீச்சில் பத்து முறை சூடுபட்டவர் பதினோராவது முறை விதியை மீறி, பந்து வரும் முன்பே அங்கே போய் நிற்பார். இந்த கேம்களின் தற்காப்பில் மிக நிஜமான பகுதி அந்த ஒருவர்தான்.

உங்கள் வீட்டில் யாராவது இதை ஆடினால் ஒரு மாலை முழுக்கப் பந்து வீசாமல், கேமராவைத் தற்காப்புப் பக்கம் திருப்பி, சேஃப்டியாக மட்டும் ஆடச் சொல்லுங்கள். சரியாக ஆடினால் அநேகமாகப் பந்து அவர் பக்கமே வராது.